பில்லியன் என்றால் எத்தனை கோடி? எந்த நாட்டில், எந்த ஆண்டில்?

கேள்வி: சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் 1923-இல் ஏற்பட்ட பணவீக்கம் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு டாலரின் விலை 4.2 டிரில்லியன் மார்க் ஆனது என்று மூலத்தில் இருக்கிறது. ஜெர்மன் படித்த தோழி ஒருத்தி, அவளிடம் இருக்கும் ஜெர்மன் புத்தகத்தில் 4.2 பில்லியன் என்று போட்டிருப்பதாகச் சொல்கிறாள். ஆயிரம் மடங்கு வித்தியாசம் வருகிறதே, எதை எழுதுவது? இதே கட்டுரையை இலங்கை வாடிக்கையாளர் ஒருவரும் கேட்டிருக்கிறார். அவருக்கு லட்சம், கோடி வேண்டாமாம், மில்லியன் கணக்குதான் வேண்டுமாம். இதற்கு நடுவில் என் அப்பா, “கும்பம், கணம், சங்கம் என்று தமிழிலேயே பேர் இருக்கும்போது இங்கிலீஷ் எதுக்கும்மா?” என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அனுப்பியிருக்கிறார். ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.
— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் மூலமும் சரி, தோழியின் புத்தகமும் சரி. இரண்டும் ஒரே தொகையைத்தான் சொல்கின்றன: 42 போட்டுப் பின்னால் பதினொரு பூஜ்ஜியம். நம் கணக்கில் 4.2 லட்சம் கோடி மார்க். ஆங்கிலத்தில் டிரில்லியன் என்று பெயர் பெற்ற எண்ணுக்கு ஜெர்மன் மொழியில் பில்லியன் என்று பெயர். நீங்கள் நிறுத்திக் கேட்டது மிகவும் நல்லது. தோழி சொன்னதை ஒரு திருத்தம் என்று எடுத்துக்கொண்டு, நமக்குப் பழக்கமான பில்லியன் என்று நினைத்து 420 கோடி என்று எழுதியிருந்தால், வாக்கியம் எந்த உறுத்தலும் இல்லாமல் அச்சுக்குப் போயிருக்கும். எழுத்துப்பிழை கண்ணில் படும். எண்ணில் வரும் பிழை படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பல வருடமாக மொழிபெயர்ப்புகளைச் சரிபார்த்துவருகிறேன். என்னை அதிகம் பயமுறுத்துவது இந்த வகைப் பிழைதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஐந்நூறு வருட வரலாறு உண்டு. நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1484-இல் எழுதிய கணித நூலில் பில்லியன், டிரில்லியன் போன்ற பெயர்களை வரிசைப்படுத்தினார். அவர் கணக்கு ஒழுங்கானது. மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன். அதை இன்னொரு மில்லியனால் பெருக்கினால் டிரில்லியன். பெயரின் முன்னால் வரும் ‘பை’, ‘ட்ரை’ என்பவை எத்தனை மில்லியன்களைப் பெருக்கினோம் என்பதைக் காட்டும். இதன்படி பில்லியனுக்குப் 12 பூஜ்ஜியம், டிரில்லியனுக்கு 18. இடையில் வரும் ஆயிரம் மில்லியனுக்கு ‘மில்லியார்ட்’ என்ற பெயர் பிறகு வழக்கத்துக்கு வந்தது. இதை நெடுவரிசை என்று வைத்துக்கொள்வோம்.

பிற்காலத்தில் பிரான்சிலேயே சிலர் ஒவ்வோர் ஆயிரம் மடங்குக்கும் ஒரு புதுப் பெயர் என்று மாற்றி எண்ணத் தொடங்கினார்கள். ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன், ஆயிரம் பில்லியன் ஒரு டிரில்லியன். இது குறுவரிசை. அமெரிக்கா இதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் நெடுவரிசையிலேயே நின்றது. பிரான்ஸ் நெடுங்காலம் குறுவரிசையில் எண்ணிவிட்டு, 1961-இல் அரசாணை போட்டு நெடுவரிசைக்குத் திரும்பியது. பிரிட்டன் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 1974 டிசம்பர் 20-ஆம் தேதி பிரதமர் ஹெரால்டு வில்சன் நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் பதில் தந்தார்: அரசு இனி பில்லியன் என்று சொன்னால் அதற்கு ஆயிரம் மில்லியன் என்றே பொருள். ஆகவே 1950-இல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில் பில்லியன் என்று வந்தால், அது இன்றைய டிரில்லியனாக இருக்க இடமுண்டு. நம் நூலகங்களில் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து எண் எடுக்கும்போது பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இன்றைய நிலவரம் இது. ஆங்கிலம் எங்கும் குறுவரிசைக்கு வந்துவிட்டது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் எல்லாம் நெடுவரிசை. ஸ்பானியத்தில் பெரும்பாலும் ‘ஆயிரம் மில்லியன்’ என்றே சொல்வார்கள். போர்ச்சுக்கீசியம் ஒரே மொழிதான், ஆனால் போர்ச்சுகலில் பில்லியனுக்கு 12 பூஜ்ஜியம், பிரேசிலில் 9. ரஷ்யர்கள் ஒன்பது பூஜ்ஜியத்துக்கு மில்லியார்ட் என்கிறார்கள், பன்னிரண்டுக்கு நேராக டிரில்லியன் என்று தாவிவிடுகிறார்கள். இந்தோனேசியாவிலும் அரபு நாடுகளிலும் இதே கலவைதான். மலேசியாவில் பில்லியன் என்று சொல்லும் எண்ணைப் பக்கத்து இந்தோனேசியாவில் மிலியார் என்பார்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். எண்ணின் பெயரைப் பார்த்ததும் அதை மொழிபெயர்க்கக் கை நீளும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். மூலம் எந்த மொழி, எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை முழுப் பூஜ்ஜியங்களோடு எழுதுங்கள். அதன் பிறகு மூலத்தில் இருந்த பெயரை மறந்துவிட்டு, காகிதத்தில் உள்ள எண்ணை மட்டும் தமிழாக்குங்கள். பெயரிலிருந்து பெயருக்கு நேரடியாகப் போகிற இடத்தில்தான் வழுக்குகிறது.

உங்கள் 4.2-ஐயே எடுத்துக்கொள்வோம். இது சரியான எண்தானா என்று கட்டுரைக்குள்ளிருந்தே சரிபார்க்க முடியும். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பர் நடுவில் ஜெர்மனி ரென்டன்மார்க் என்ற புதுப் பணத்தை வெளியிட்டது. ஒரு ரென்டன்மார்க்குக்கு ஈடாகப் பழைய மார்க்கில் ஜெர்மன் கணக்கில் ஒரு பில்லியன், அதாவது 1-க்குப் பின் 12 பூஜ்ஜியம். நவம்பர் 20-ஆம் தேதி டாலரின் விலையை 4.2 லட்சம் கோடி பழைய மார்க்கில் நிறுத்தினார்கள். அதில் 12 பூஜ்ஜியத்தை வெட்டிப் பாருங்கள். போருக்கு முந்தைய அதே 4.20 வந்து நிற்கிறது. எண்ணைத் திட்டமிட்டு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு 420 கோடி என்ற எண் கண்ணில் பட்ட உடனே உறுத்தும். பெரிய எண் வரும் ஒவ்வோர் இடத்திலும் இப்படி ஒரு குறுக்குச் சோதனை கிடைக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

கட்டுரையில் அடுத்து, 1924-இல் அச்சான 100 பில்லியன் மார்க் நோட்டு வரக்கூடும். ஆங்கிலத்தில் அதையே 100 டிரில்லியன் என்பார்கள். ஜிம்பாப்வே 2009-இல் வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒன்றுக்குப் பின் 14 பூஜ்ஜியம் அச்சிட்டிருக்கும். ஜெர்மன் நோட்டுக்கும் அதே 14 பூஜ்ஜியம்தான். தமிழில் இரண்டுமே 100 லட்சம் கோடி, வேறு விதமாகச் சொன்னால் ஒரு கோடி கோடி.

ஜெர்மன் மூலத்தைத் தோழி படித்துக்காட்டினால் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள், ஆயிரங்களைப் பிரிக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள். அங்கே 4,200 என்று இருந்தால் அது நாலாயிரத்து இருநூறு கிடையாது. நாலு புள்ளி இரண்டு.

இனி தமிழுக்கு வருவோம். ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. மூன்றில் டிரில்லியன்தான் நமக்குச் சுலபம், முன்னால் உள்ள எண்ணைத் தொடவே வேண்டாம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மதிப்பிட்ட மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். ஆங்கிலச் செய்தியில் அது 50.65 டிரில்லியன் ரூபாய். சிக்கல் கொடுப்பது மில்லியன்தான். 72 மில்லியன் என்று வந்ததும் ‘72 லட்சம்’ என்றோ ‘72 கோடி’ என்றோ கை தானாக எழுதிவிடும். அதற்கு ஒரு மருந்து உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 7,21,47,030. இதை ஆங்கில முறையில் 72,147,030 என்று எழுதுவார்கள். இலக்கங்கள் அதே எட்டுதான், இடம் மாறியது காற்புள்ளி மட்டும். நம் மாநிலத்தில் ஏழு கோடிச் சொச்சம் பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் 72 மில்லியன். எந்த மில்லியன் எண் வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லியனுக்கு இந்தியாவின் 121 கோடி இருக்கிறது, 1.21 பில்லியன். அதுவும் அதே கணக்கெடுப்பு.

புள்ளிக்குப் பின் வரும் பூஜ்ஜியத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 1.5 லட்சம் கோடி என்பது ஒரு லட்சத்து 50 ஆயிரம் கோடி. 1.05 லட்சம் கோடி என்பது ஒரு லட்சத்து 5 ஆயிரம் கோடி. அவசரத்தில் ஒன்று மற்றொன்றாவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கட்டுரையை யாராவது வாய்விட்டுப் படிக்கப்போகிறார்கள் என்றால் தசமப் புள்ளியே வேண்டாம், ‘4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்’ என்று எழுதுங்கள். காதுக்கு அதுதான் புரியும்.

பெயரைச் சரியாகப் போட்டுவிட்டு நாணயத்தில் சறுக்குகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக உயர்த்துவது மாநில அரசு அறிவித்த இலக்கு. அது ஒரு லட்சம் கோடி டாலர். எழுதிக்கொண்டே வரும்போது ‘டாலர்’ போய் ‘ரூபாய்’ வந்து உட்கார்ந்துவிடும். மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி ஏற்கெனவே பல லட்சம் கோடி ரூபாய் என்று தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவர் நம்பிவிடுவார். நம்புகிறவருக்காகத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விடச் சொல்வேன். மூலத்தில் ‘சுமார் ஒரு மில்லியன் டாலர்’ என்று இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, கடைசி ரூபாய் வரைக்கும் எழுதிவைப்பார். மூல ஆசிரியர் குத்துமதிப்பாகச் சொன்னதைத் தமிழ் துல்லியமாகச் சொன்னால் அது பொய் சொல்வதாகும். சுமார் என்றால் தமிழிலும் சுமார்தான். அதோடு, உங்கள் கட்டுரை சொல்வது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. டாலரையும் மார்க்கையும் அப்படியே விடுங்கள். இன்றைய ரூபாய்க்கு மாற்றுவதில் அர்த்தமே இல்லை.

எண்ணெய், எரிவாயு, நிதி அறிக்கைகள் கைக்கு வரும்போது சுருக்கெழுத்துகளும் வரும். அமெரிக்க வழக்கில் ஒற்றை ‘எம்’ சில இடங்களில் மில்லியனைக் குறிக்கும், சில இடங்களில் ஆயிரத்தைக் குறிக்கும். ஆயிரத்துக்கு ரோமானிய எழுத்து அதுதான். இரட்டை ‘எம்’ போட்டால் ஆயிரம் ஆயிரம், அதாவது மில்லியன். எரிவாயு விலையில் வரும் ‘எம்எம்பிடியு’ (மில்லியன் பிடியு; பிடியு என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) இப்படிப் பிறந்தது. இவற்றில் ஊகம் வேண்டாம். அறிக்கையின் முதல் பக்கங்களில் விளக்கம் இருக்கும், இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடமே கேளுங்கள்.

இலங்கை வாடிக்கையாளர் சொல்வது நியாயம். அங்கேயும் பேச்சில் இலட்சம், கோடி உண்டு. ஆனால் மத்திய வங்கியும் வரவுசெலவுத் திட்டமும் மில்லியன், பில்லியன் கணக்கில்தான் பேசுகின்றன. காற்புள்ளியும் மூன்று மூன்று இலக்கத்துக்கு ஒன்று. உங்கள் கட்டுரையைப் படிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியரோ கொழும்பு மாணவரோ அந்த எண்களைத் தம் ஊர் எண்களோடு ஒப்பிட முடிய வேண்டும். அவருக்கு ‘4.2 ட்ரில்லியன் மார்க்’ என்றே எழுதுங்கள். அங்கே வழங்குவது ஆங்கிலக் குறுவரிசைதான், எனவே உங்கள் மூலத்தோடு முட்டாது. எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, டாலர் அங்கே டொலர், ஜெர்மனி ஜேர்மனி. ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: சென்னைப் பிரதியைத் திறந்து ‘கோடி’ என்ற சொல்லைத் தேடி மொத்தமாக மாற்றுவது. கோடிக்கும் மில்லியனுக்கும் பத்து மடங்கு. சொல் மாறும், முன்னால் உள்ள எண் மாறாது, பிரதி முழுவதும் கெட்டுவிடும். எண் வரும் இடங்களை மட்டும் மூலத்திலிருந்து மறுபடி எடுத்து எழுதுங்கள். சென்னைப் பிரதியில் கோடி, கொழும்புப் பிரதியில் மில்லியன். ஒரே பிரதியில் இரண்டும் கலக்கக் கூடாது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் அனுப்பியதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை, அதற்குப் பின்னால் உண்மையான பெருமை ஒன்று இருக்கிறது. ‘ஐ’, ‘அம்’, ‘பல்’ என்று முடியும் பேரெண் பெயர்களைத் தொல்காப்பியமே குறிப்பிடுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் அவற்றுக்கு எடுத்துக்காட்டுச் சொல்கிறார்கள். கம்பர் வானர சேனையை எழுபது வெள்ளம் என்கிறார். கோடிக்கு மேல் எண்ணத் தெரிந்த மொழி இது.

ஆனால் வாட்ஸ்அப் பட்டியலை எடுத்துக் கட்டுரையில் போடாதீர்கள். இந்தப் பெயர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே மதிப்பு கிடையாது. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கும்பமும் சங்கமும் இடம் மாறி இருக்கும். வடமொழிப் பெயர்களுக்கும் இதே கதிதான். அர்புதம் என்ற பெயர் யஜுர்வேத வரிசையில் ஒரு கோடி, ஆரியபட்டர் வரிசையில் பத்துக் கோடி. அதிலிருந்து வந்த ‘அரப்’ இன்றைய இந்தியிலும் உருதுவிலும் நேபாளியிலும் நூறு கோடி. நம் கோடியே பாரசீகத்துக்குப் போனபோது ‘குரூர்’ என்றாகி ஐந்து லட்சமாகச் சுருங்கிவிட்டது. 1828-இல் ரஷ்யாவுக்கும் பாரசீகத்துக்கும் இடையே நடந்த துருக்மன்சாய் உடன்படிக்கையில் போர் இழப்பீடு பத்துக் குரூர் தோமான் (பாரசீக நாணயம்) என்று எழுதினார்கள். நம் கணக்கில் படித்தால் பத்துக் கோடி ஆகிவிடும். உண்மையில் ஐம்பது லட்சம். பில்லியன் என்ற சொல் இரண்டு மதிப்போடு நம்மை இந்தப் பாடு படுத்துகிறதே, அதைவிட அதிக மதிப்பு உள்ள பெயர்களைக் கொண்டுவந்தால் வாசகர் என்ன செய்வார்? கோடியும் லட்சம் கோடியும் தமிழ்தான், கடைக்காரரிலிருந்து அமைச்சர் வரை எல்லோரும் ஒரே மதிப்பில் புழங்கும் தமிழ். அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். பழைய பெயர்களை இலக்கியத்தில் வரும்போது அந்த இடத்துக்கான பொருளோடு படிக்கலாம். பணத்தை அவற்றால் எண்ண வேண்டாம்.

லட்சம் கோடிக்கு மேலே என்ன செய்வது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பணவீக்கக் கட்டுரை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜெர்மனியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1946 ஹங்கேரியையும் தொடுவார்கள். அங்கே அப்போதைய நாணயம் பெங்கோ. புழக்கத்துக்கு வந்த மிகப் பெரிய நோட்டு ‘100 மில்லியன் பி-பெங்கோ’. அந்தப் ‘பி’ என்பது பில்லியன், ஹங்கேரியும் நெடுவரிசை நாடு, எனவே 12 பூஜ்ஜியம். 100 மில்லியனின் எட்டையும் சேர்த்தால் இருபது. ஆங்கிலப் பில்லியன் என்று நினைத்தால் பதினேழோடு நின்றுவிடும். இதைத் தமிழில் ‘பத்து லட்சம் கோடி கோடி’ என்று எழுதலாம், கணக்குச் சரிதான், ஆனால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. அந்த இடத்தில் பெயரையே விட்டுவிட்டு ‘1-க்குப் பின் 20 பூஜ்ஜியங்கள் கொண்ட தொகை’ என்று எழுதுங்கள். 1946 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஃபோரின்ட் என்ற புதுப் பணம் வந்தபோது ஒரு ஃபோரின்டுக்கு மாற்றாகக் கொடுத்த பெங்கோவும் அப்படித்தான்: 4-க்குப் பின் 29 பூஜ்ஜியங்கள். சென்னைப் பிரதிக்கும் கொழும்புப் பிரதிக்கும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.